பத்தாவது ஆதாம்

1

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோட்டின் மேல் நிற்காது. மழையில் சைக்கிள் ஓட்டுகிறவனைப் போல ஓரம் பார்த்தே போகும். ரகர றகரத்தில் எது எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். படித்தது ஐந்தாவது வரை. இந்த இதழை நடத்துகிறவன் என்னோடு ஐந்தாவது படித்தவன். திருத்திப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகும் பிழை இருந்தால் அது அவனுடையது.

வெளியூர் போனவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறான். கனடாவில் இருக்கிறவர் அதில் பனியைப் பற்றி எழுதுகிறார். துபாயில் இருக்கிறவர் வெயிலைப் பற்றி எழுதுகிறார். நான் இருப்பது பூனாவில். ரயிலேறினால் மறுநாள் போளூர் வந்துவிடலாம். இதெல்லாம் புலம்பெயர்வில் சேருமா என்று போனில் கேட்டேன். பக்கத்து வீட்டில் பேசுகிற பாஷை உனக்குப் புரிய எத்தனை வருஷம் ஆனது என்று கேட்டான். நாலு வருஷம் என்றேன். அப்படியென்றால் எழுது என்றான்.

இங்கே வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. குடியிருப்பது ஏரவாடாவில். வேலை, யூதர்களின் கல்லறைத் தோட்டத்தில். தோட்டக்காரன், காவல்காரன் இரண்டும் நான்தான்.

யூதர்கள் என்றதும் வெள்ளைக்காரர்களை நினைக்க வேண்டாம். நம்மைப் போன்ற நிறம்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கடல் வழியாக வந்து கொங்கண் கரையில் ஒதுங்கி, செக்காட்டிப் பிழைத்தவர்கள் என்று சொல்கிறார்கள். சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்திவிடுவார்களாம். அதனால் அக்கம்பக்கத்தவர்கள் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று பெயர் வைத்திருந்தார்களாம். வீட்டில் பேசுவது மராத்தி. பெண்கள் கட்டுவது சேலை. பெயர் மட்டும் அவர்கள் வேதத்திலிருந்து. பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. போகாதவர்களில் பாதிப் பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு நான் வந்ததே என் கூச்சத்தால்தான். புது ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். இங்கே காலையிலிருந்து மாலை வரை ஒருவரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. கேட்கிற ஒரு சிலரும் அண்ணா என்று கூப்பிடுவார்கள். பூனாவில் தமிழன் என்றால் எல்லோருக்கும் அண்ணாதான். எழுபத்தெட்டு வயது பெஞ்சமின் சாஹேபுக்கும் நான் அண்ணா.

2

இந்திக்காரர்கள் மனிதனை ஆத்மி என்கிறார்கள். அந்தச் சொல் என்னை முதலில் படுத்திய பாட்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஏரவாடாவுக்கு வந்த புதிதில் ரேஷன் கார்டுக்கு மனுக் கொடுக்கப் போனேன். வீட்டில் எத்தனை ஆத்மி என்று குமாஸ்தா கேட்டார். எங்கள் சந்தில் பெண்கள் தங்கள் புருஷனைத்தான் என் ஆத்மி, என் ஆத்மி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஆத்மி என்றால் ஆம்பிளை என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒரு விரலைக் காட்டினேன். அவரும் ஒன்று என்று எழுதிவிட்டார். வீட்டில் இருந்ததோ மூன்று பேர்: நான், என் மனைவி செல்வி, அவளுடைய அம்மா.

அதைத் திருத்த ஒன்றரை வருஷம் ஆனது. மனைவி இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நேரிலேயே கூட்டிப்போய் நிறுத்தினேன். நேரில் வந்தால் செல்லாது, காகிதம் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் அடுப்புப் பக்கம் போனேன். அடுப்பு அணைந்திருந்தது.

"கார்டுல நான் இல்லல்ல? அப்போ இட்லிக்கும் நான் இல்ல. கார்டுல இருக்கறவரு ஊத்திக்கட்டும்" என்றாள்.

அந்த ஆத்மி என்ற சொல் எந்த வீட்டில் பிறந்தது என்று எனக்குத் தெரியவந்தது கல்லறைத் தோட்டத்தில்தான். அங்கே குல்மொஹர் மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதில் மூன்று பேர் வந்து உட்காருவார்கள். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாலமன் சாஹேப். அவர் மனைவி எஸ்தர் மாவ்ஷி. மாவ்ஷி என்றால் நம் பக்கத்துச் சித்தி. அப்புறம் பெஞ்சமின் சாஹேப். தொழுகை நடத்துவதும் சமூகத்தின் சட்டதிட்டங்களைக் கட்டிக் காப்பதும் பெஞ்சமின் சாஹேபின் பொறுப்பு. மூவரும் பெற்றவர்களைப் புதைத்த இடத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு சண்டை போட வருவார்கள்.

சண்டை ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அவர்களுடைய எபிரேய மொழியில் மனிதனுக்கு ஆதாம் என்று பெயர். முதல் மனிதனின் பெயரும் அதுதான், மொத்த மனித இனத்தின் பெயரும் அதுதான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் தகராறு.

சாலமன் சாஹேப் மண் கட்சி. நிலத்துக்கு அவர்கள் மொழியில் அதாமா என்று பெயர். மண்ணைப் பிசைந்து செய்தவனுக்கு மண்ணின் பெயர், இதில் பேச என்ன இருக்கிறது என்பார். எஸ்தர் மாவ்ஷி இரத்தக் கட்சி. இரத்தத்துக்கு தாம் என்று பெயர், சிவப்புக்கு அதோம் என்று பெயர். மண் பானையிலும் இருக்கிறது, மனிதனைப் பானையிலிருந்து பிரித்துக் காட்டுவது இரத்தம்தான் என்பார். பெஞ்சமின் சாஹேப் இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்திருப்பது என்பதற்கு இதே போன்ற ஒரு சொல் இருக்கிறது, கடவுளை ஒத்தவன் என்பதுதான் பொருள் என்பார். அப்போது மாவ்ஷி அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்பார்.

இந்தச் சண்டைக்குள் இன்னொரு சண்டை ஒளிந்திருந்தது. அவர்களுடைய முக்கியமான தொழுகைகளுக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் நடக்காது. செத்துப்போன தகப்பனுக்காக மகன் சொல்லுகிற தொழுகையும் அப்படித்தான். பத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. மாவ்ஷிக்கு அதுதான் முள். ஆணுக்கு எங்கள் மொழியில் ஈஷ் என்று தனிச் சொல் இருக்கிறது, கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே ஆதாம் என்று பெயர் வைத்தார், பிறகு பத்து ஆதாம் என்று எண்ணும்போது மட்டும் நான் எங்கே போனேன் என்று கேட்பார். பெயர் இரண்டு பேருக்கும்தான், எண்ணிக்கை ஆண்களுக்கு என்பார் பெஞ்சமின் சாஹேப். சாலமன் சாஹேப் அந்த நேரம் பார்த்து என்னிடம் தண்ணீர் கேட்பார்.

என் மகள் சுகன்யா போன் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். இந்த வழக்கை அவளிடம் கொண்டுபோனேன். போனைப் பார்த்துவிட்டு அவளுடைய தமிழில் தீர்ப்புச் சொன்னாள்: "மூணு பேரு சொல்றதும் போட்டிருக்குப்பா. எது கரெக்ட்னு யாருக்கும் நக்கி தெரியலையாம்." நக்கி என்றால் மராத்தியில் நிச்சயம் என்று பொருள். அவள் பேச்சில் அப்படித்தான், வாக்கியம் தமிழில் புறப்பட்டு நடுவில் வண்டி மாறும். அந்த ஆதாம்தான் அரபு வழியாகவும் பாரசீகம் வழியாகவும் நடந்து வந்து இந்தியில் ஆத்மி ஆனான் என்றும் அவள் போன் சொன்னது. இவ்வளவு தூரம் நடந்து வந்தவனைத்தான் நான் ரேஷன் ஆபீசில் ஒரு விரலில் முடித்திருக்கிறேன்.

3

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஆட்களை எண்ண மாட்டார்கள். ஒன்று, இரண்டு என்று மனிதர்களைச் சுட்டி எண்ணுவது ஆகாது. பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்க, பத்துச் சொற்கள் உள்ள ஒரு மந்திர வரி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சொல். வரி முடிந்தால் ஆள் சரி. சொல் மீந்தால் ஆள் குறைவு. பெஞ்சமின் சாஹேப் உதட்டை மட்டும் அசைத்து இதைச் செய்வார்.

எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் பக்கம் களத்தில் கடலை அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வாரா? லாபம் என்றுதானே தொடங்குவார். எண்ணுவதில் ஏதோ ஒரு பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

எனக்கு எண்ணிக்கையோடு வேறொரு தகராறும் உண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா என்று சொல்ல எனக்குக் குரல் வராது. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். வராதவன் என்று குறித்துவிட்டு, அதே வாத்தியார் என்னையே டீ வாங்கி வர அனுப்புவார். ஐந்தாவது முடிவில் நான் வந்த நாட்கள் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் சரி என்று கடலைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டார்.

4

சாலமன் சாஹேப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதத்தில் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் இரண்டு பேர் ஆனார்கள். சண்டையும் நின்றுவிட்டது. எதிரெதிர் ஓரத்தில் உட்கார்ந்து, நடுவில் அவருக்கு இடம் விட்டிருப்பார்கள்.

ஒரு வருஷம் நிறையும்போது கல் நாட்டித் துணி விலக்குவது அவர்கள் வழக்கம். அப்போது மகன் தொழுகை சொல்ல வேண்டும். ஒரே மகன் டேனியல், இஸ்ரேலில் ஒரு துறைமுகத்தில் வேலை. அப்பா இறந்தபோது அவனால் வந்து சேர முடியவில்லை. அப்பாவுக்காகத் தன் வாயால், அப்பாவின் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான்கு நாள் லீவில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழுகை. பதினொரு மணிக்கு பம்பாய் விமான நிலையத்துக்கு டாக்சி. அன்றைக்குப் பத்துப் பேர் சேராவிட்டால் அவன் சொல்லாமலே போக வேண்டும். மறுபடி எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. மாவ்ஷிக்கு எழுபத்து மூன்று வயது.

பெஞ்சமின் சாஹேப் ஒரு வாரம் போன் செய்து பத்துப் பேரைப் பிடித்து வைத்திருந்தார். அன்று விடிந்ததிலிருந்து மழை. ஊரெல்லாம் தண்ணீர்.

நான் ஐந்தரை மணிக்கே போய்விட்டேன். கல்லைச் சுற்றி ரோஜாப் பதியன் வைக்க வேண்டும் என்பது மாவ்ஷியின் விருப்பம். பூனா மண் கறுப்பு. ரோஜாவுக்குச் செம்மண் போட்டால் நல்லது என்று இரண்டு மூட்டை வாங்கி வைத்திருந்தேன். மழையில் கொட்டிய மண் கரைந்து ஓட, நான் அள்ளி அள்ளித் திரும்பப் போட, முழங்கால் வரைக்கும் சிவப்பாகிவிட்டேன். தலையில் துண்டு.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் வீல்சேரில் வந்தார். ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். பெஞ்சமின் சாஹேப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியல. கேட்டுல நில்லு. பத்தாவது ஆளு வந்ததும் கையை மட்டும் தூக்கு. வாயால எண்ணாத."

மனிதர்களின் முகத்தைப் பார்த்து எண்ண எனக்கு எப்போதும் கூச்சம். அதோடு எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக் கல்லைப் பார்த்து நின்றார்கள். ஆகவே நான் தொழுகைக்கென்று அவர்கள் தலையில் வைத்திருந்த குல்லாய்களை எண்ணினேன். லாபத்தில் தொடங்கி மனதுக்குள்ளேயே எண்ணினேன். ஒன்பது குல்லாய் ஆகிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மணி ஒன்பதே முக்கால். டேனியல் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். பக்கவாட்டு வழியாக ஒரு வெள்ளைக் குல்லாய் வந்து வரிசையின் ஓரத்தில் நின்றது. கையைத் தூக்கினேன்.

பெஞ்சமின் சாஹேப் என் பக்கம் பார்த்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார். உதடுகள் அசைந்தன. கொஞ்சம் அதிக நேரம் அசைந்த மாதிரி இருந்தது. பிறகு தொடங்கினார்.

டேனியல் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. ஆனால் எங்கே குரல் உடைந்தது என்பது எல்லா மொழியிலும் தெரியும். அவன் நிறுத்துகிற இடங்களில் எல்லோரும் ஆமேன் என்றார்கள். இரண்டாவது தடவை, ஆமேன்களுக்கு நடுவே ஒரு ஆமீன் கேட்டது. நீட்டி, அடித்தொண்டையிலிருந்து. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

எட்டிப் பார்த்தேன். வரிசையின் ஓரத்தில் வெள்ளைக் குல்லாயோடு நின்றது எங்கள் ஏரவாடா இஸ்மாயில் பாய். கல் செதுக்குகிறவர். சாலமன் சாஹேபின் கல்லில் எபிரேய எழுத்துகளை வெட்டியவரும் அவரே. மாவ்ஷி எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்து வெட்டினார். வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து, அவருக்கு உருதுப் பழக்கம் என்பதால் கை தடுமாறவில்லை. மழையில் மண் இளகிக் கல் சாய்ந்துவிடுமோ என்று பார்க்க வந்திருக்கிறார். தொழுகை நடக்கிறதே என்று மரியாதைக்கு நின்றுவிட்டார். சாய்வு பார்க்கக் கையில் ரசமட்டம்.

அப்படியானால் ஒன்பது பேர்தான்.

நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நாக்கு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள் டேனியல் முடித்துவிட்டான். துணியை விலக்கினார்கள். மாவ்ஷி முக்காட்டை இழுத்துக்கொண்டு மகனின் தோளை ஒட்டி நின்றார்.

அவர்கள் வழக்கப்படி டேனியல் கல்லின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தான். பதினைந்து வருஷமாக அந்த ஊரில் இருந்து அவனுடைய மராத்தி துருப்பிடித்துவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்ல வந்து, அப்பாவைப் பெண்பாலாக்கிவிட்டான். அழுதுகொண்டிருந்த மாவ்ஷி அழுகையை நிறுத்தி அதைத் திருத்திவிட்டு மறுபடி அழுதார். கல்லறையை விட்டுப் போகிறவர்கள் செய்வது போல அவன் வாசலில் கை கழுவினான். டாக்சி ஏறும்போது அவன் முகம் குளித்துவிட்டு வந்தவன் முகம் போலத் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சொல்வது?

5

செல்வியிடம் சொன்னேன். ஆள் குறைந்தால் அவர்கள் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டாள். சாமி இல்லை, பெஞ்சமின் சாஹேப் கோபித்துக்கொள்வார் என்றேன். அப்படியென்றால் ஆபத்துதான் என்றாள்.

இஸ்மாயில் பாயைப் போய்ப் பார்த்தேன். அவர் பாறைத் தூளில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டு உளியைக் கீழே வைத்தார்.

"பையன் அப்பனுக்காகச் சொல்றான், எல்லாரும் ஆமீன்றாங்க. நான் மட்டும் கல்லையே பார்த்துக்கிட்டு நிக்கவா? நாங்களும் ஆதமோட புள்ளைங்கதான் அண்ணா" என்றார். பிறகு, கல் சாயவில்லையே என்று விசாரித்தார்.

அப்படியே மூன்று வாரம் போனது. மாவ்ஷி ஞாயிறுதோறும் வந்து, டேனியல் போனில் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னான் என்பார். என் ஒரு கையால் வந்த வினை. அவன் சொன்னது செல்லாத தொழுகை. தெரியாமல் அவன் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறான். நான்காவது ஞாயிறு பெஞ்சமின் சாஹேப் வர நேரமானது. மாவ்ஷி தனியாக உட்கார்ந்திருந்தார். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், குல்லாய்களை எண்ணிய கதையைச் சொல்லி முடித்தேன்.

அவர் முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இஸ்மாயில் நிக்கறது எனக்கா தெரியாது? அவனுக்கு எழுத்து எழுதிக் குடுத்ததே நான். அவனை நான் கணக்கிலயே சேர்க்கல, அண்ணா."

"அப்போ பத்தாவது ஆளு?"

"நான்" என்றார்.

மனதுக்குள் அவரும் அந்தப் பத்துச் சொல் வரியைச் சொன்னாராம். ஒன்பது சொல்லை ஒன்பது பேருக்குக் கொடுத்தார். பத்தாவது சொல்லைத் தன் மேல் வைத்துக்கொண்டு மகனின் தோளை ஒட்டிப் போய் நின்றார்.

"நாற்பத்தொன்பது வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணினவ. அவரோட கல்லுக்கு முன்னால நான் ஆள் இல்லேன்னா வேற யாரு ஆளு?"

ரோஜாவுக்குத் தண்ணீர் அதிகமாகிப் பாத்தி நிரம்பிவிட்டது. பெஞ்சமின் சாஹேபின் குடை கேட்டுக்கு வெளியே தெரிந்ததும் மாவ்ஷி குரலைத் தாழ்த்தினார். அவனிடம் மூச்சு விடாதே என்றார். தெரிந்தால் முதலிலிருந்து நடத்த வேண்டும் என்பான், பையனுக்கு லீவு கிடைக்காது, நானும் அவனோடு சண்டை போட்டுப் போட்டுக் களைத்துவிட்டேன் என்றார். சத்தியம் செய்தேன்.

6

ஒரு வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. ஆனால் பெஞ்சமின் சாஹேப் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் வலது கை தானாகப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

இந்த ஆடியில் இரண்டாம் வருஷ நாள் வந்தது. மாவ்ஷிக்குக் காய்ச்சல், வரவில்லை. பெஞ்சமின் சாஹேப் மட்டும் வந்தார். கல்லின் முன்னால் தனியாக நின்று, தனி ஆள் சொல்லக்கூடியதைச் சொன்னார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பயத்திலேயே வாய் திறந்துவிட்டது. மாவ்ஷியின் பங்கை விட்டுவிட்டு, என் தப்பை மட்டும் சொன்னேன்: ஒன்பது பேருக்குக் கை தூக்கிவிட்டேன், சாஹேப், பத்தாவது குல்லாய் இஸ்மாயில் பாயுடையது.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொழுகைக்கு ரசமட்டம் எடுத்துட்டு வர்ற யூதனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல" என்றார்.

தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நாற்பது வருஷமாகத் தொழுகை நடத்துகிறவன் ஒரு தோட்டக்காரனின் கையை நம்பித் தொடங்குவேனா என்று கேட்டார். மழை, கண்ணாடி எல்லாம் உண்மைதான். ஆனாலும் கழற்றித் துடைத்துக்கொண்டு தானே ஒவ்வொரு முகமாகச் சொல் வைத்திருக்கிறார். ஒன்பது சொல் ஆனது. பத்தாவது சொல் வாயிலேயே நின்றுவிட்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை என்றார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ உன்னைப் பார்த்தேன். தலையில துண்டு, கால் முட்டி வரைக்கும் செம்மண்ணு. எங்க ஜனம் எத்தனையோ பேரு கப்பலேறிப் போயாச்சு. அவங்க அப்பன் ஆத்தாளுக்கெல்லாம் இருபத்தெட்டு வருஷமா தண்ணி ஊத்துறவன் நீதான். அந்த நிமிஷம் எனக்கு சாலமன் சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. மண்ணுதான் மனுஷன்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றார்.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். என் வாழ்க்கையில் என்னை ஒருவர் எண்ணியிருக்கிறார். அதுவும் எண்ணக் கூடாது என்று விதி வைத்திருக்கிற மனிதர்.

"மாவ்ஷிக்கிட்ட சொல்லட்டுமா சாஹேப்? சந்தோஷப்படுவாங்க."

"எஸ்தர்கிட்ட சொல்லாத" என்றார் அவசரமாக. "அண்ணாவைச் சேர்த்தியே, என்னை ஏன் சேர்க்கலன்னு கேப்பா."

குல்மொஹர் பூ ஒன்று அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்தார்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றார்.

அவருக்கும் சத்தியம் செய்தேன். இப்போது என்னிடம் இரண்டு சத்தியங்கள். மாவ்ஷிக்கு ஒன்று, சாஹேபுக்கு ஒன்று. வயிற்றில் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். பூனாவில் அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. என் மகள் ஊருக்கு வந்தால் பஸ் பலகையைப் படிப்பாள், அதற்கு மேல் தமிழ் படிக்க மாட்டாள். அதை நினைத்து முன்பெல்லாம் வருத்தப்பட்டிருக்கிறேன், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வசதியாக இருக்கிறது. படிக்கிறவர்கள் எல்லாம் போளூர்ப் பக்கத்தில் இருக்கிறீர்கள். யாரும் பூனாவுக்கு வந்து உளறிவிட வேண்டாம்.

இன்று காலையில் கடைசித் தாளை மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது பெஞ்சமின் சாஹேப் பின்னால் வந்து நின்றுவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். ஊருக்குக் கடிதம் என்றேன். என் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எங்கே, காட்டு என்றார். தாளைப் புரட்டினேன். என் விரல் போய் நின்றது எஸ்தர் என்ற சொல்லின் மேல். வேண்டுமென்றே செய்ததாக ஒத்துக்கொள்கிறேன். அவர் குனிந்து, தன் விரலால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு, இடமிருந்து வலமாக இன்னொரு முறை தடவினார்.

"இதுவா நான்? நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

ஆவணி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பூனா.